புகார் கொடுத்தவர் பெயர்

ஜீப் எந்த ஊருக்குள் போய் நின்றாலும், இறங்குவதற்கு முன் அதைத் திருப்பி நிறுத்தச் சொல்வார் எங்கள் ஆபீசர். மூக்கு ரோட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். "இன்னா சார், நாம இன்னா திருடவா வந்துக்கிறோம்?" என்று டிரைவர் சலித்துக்கொள்வார். "அவங்க தொரத்தும்போது ரிவர்ஸ் எடுத்துக்கினு இருப்பியா நீ?" என்பார் அவர். விளையாட்டுக்கு இல்லை.

நான் பார்த்த ஆட்களிலேயே அவ்வளவு பயந்த ஆள் வேறு யாரும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு அரசாங்கம் கொடுத்திருந்த வேலை, அடுத்தவர் வாசலில் போய் நின்று "உங்க மேல புகார் வந்திருக்கு" என்று சொல்வது.

சித்தூரில் எங்கள் ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. திங்கட்கிழமை தோறும் ஜனங்கள் அர்ஜி எடுத்துக்கொண்டு வருவார்கள். மனுவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர், தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர், கோழிக்கடைக் கழிவைக் கால்வாயில் கொட்டுவது, தேதி முடிந்த பிஸ்கட்டில் புதுத் தேதி குத்துவது, மாவு மில் தூசி என்று எது வந்தாலும் நேரில் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதுவது அவர் பொறுப்பு. நான் அங்கே காண்ட்ராக்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அவரும் தமிழ்க்காரர்தான், சத்தியவேடு பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆபீசர் என்பதால் நான் அவரை சார் என்பேன், வயதுக்காக அவர் என்னை அக்கா என்பார்.

அவர் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பேர் தெரிந்தால் கேஸ் தெரியும், கேஸ் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் ஒரு பெண்பிள்ளையின் வீடு தெரிந்துவிடும். அதை மறைக்கத்தான் அந்த மனுஷன் தன் வேலையைத் தொலைத்தார். நான் அதைக் கெடுக்கக்கூடாது. ஒருமுறை கெடுத்தது போதும்.

ஆபீஸில் அவர் நாற்காலி சுவரை ஒட்டிப் போட்டிருக்கும், முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ கதவோ இருக்கக்கூடாது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டுதான் எடுப்பார். விசாரிக்கப் போன இடத்தில் மோர் கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டார். பைக்கில் தனியாகப் போனால், பைக்கை விட்டு இறங்கிக் கடைக்குள் போகும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். கல்லாவில் இருப்பவன் கொள்ளைக்காரன் என்று நினைத்து ஒருமுறை கூச்சல் போட்டுவிட்டான். அந்தக் கூச்சலுக்கு இவர் பயந்து, நோட்டீஸைக் கல்லா மேல் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். அந்தக் கதையை நான் ஒரு வருஷம் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

சிரிக்க இன்னொரு விஷயமும் இருந்தது. ஒவ்வொரு பெரிய விசாரணைக்கு முன்னாலும் அவர் திருப்பதி மலைக்கு மொட்டை வேண்டிக்கொள்வார். பத்திரமாகத் திரும்பி வந்தால் பெருமாளுக்கு முடி. திரும்பி வந்துவிடுவார், முடியும் போய்விடும். கல் உடைக்கிற கிரஷர், சாராய வாடை அடிக்கிற குடோன், அரசியல்வாதியின் மச்சான் நடத்துகிற லாட்ஜ் என்று வரிசையாக வந்த ஒரு வருஷம், அவர் தலையில் ஒரு அங்குலம் முடியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. முடி நீளத்தைப் பார்த்தே அந்த மாதம் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அந்த மொட்டை திருப்பதியில் அவருக்கு நல்ல வேஷமாகவும் ஆனது. மொட்டைத் தலையோடு நிற்பவனை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தடவை வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அர்ஜி கொடுத்திருந்தது. மொட்டை போட்ட குழந்தைக்கு ஒரு கடையில் சந்தனம் வாங்கித் தடவியிருக்கிறார்கள், தலையெல்லாம் கொப்புளம். போட்டோவைப் பார்த்துவிட்டு அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. விசாரணைக்குச் சாட்சி வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார், அக்காவும் தம்பியும் சாமி கும்பிட வந்த மாதிரி.

அன்று காலையில்தான் மலையில் முடி இறக்கியிருந்தார். கடையில் போய் அதே சந்தனத்தைக் கேட்டார். குரல் நடுங்கியது. கடைக்காரன் தெலுங்கில், "என்ன சாமி, ஜுரமா?" என்று கேட்டான். "குளிருது" என்றார். அடித்துக்கொண்டிருந்த வெயிலில் எனக்கு ரவிக்கை நனைந்திருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாக்கெட்டை சீல் வைத்து லேபுக்கு அனுப்பினால் போதும், சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. அவர் இரண்டாவது பாக்கெட் ஒன்று வாங்கி, தெருமுனைக்கு வந்து, தன் தலையில் பூசிக்கொண்டார். "லேப்ல ரிசல்ட்டு வர மூணு மாசம் ஆவும் அக்கா. அதுக்குள்ள எத்தினி புள்ளைங்க தலை?" என்றார். பத்து நிமிஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. அப்போதுதான் கடை ஆள் ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டு பின்னால் வருவதைக் கவனித்தார். "ஓடு அக்கா" என்றார். பஸ் ஸ்டாண்டில் முதலில் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறினோம். அது கார்வேட்டிநகரம் போகிற பஸ். அவனும் ஏறினான். வழியெல்லாம் இவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என் கையைக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தூரில் அவன் இறங்கி, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டான். நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. தலை எரியும் என்று தெரிந்தே பூசிக்கொண்ட ஆளைப் பயந்தாங்கொள்ளி என்று எப்படிச் சொன்னேன் என்றுதான் தோன்றுகிறது.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். மற்ற அதிகாரிகள் அர்ஜியை அப்படியே நகல் எடுத்து, புகாருக்கு உள்ளான ஆளுக்கு அனுப்பி, "இதற்கு உங்கள் பதில் என்ன?" என்று கேட்பார்கள். நோட்டீஸ் ஃபாரத்தின் கடைசி வரியே அதுதான்: இணைப்பு, புகாரின் நகல். எழுதியவர் பேர், வீட்டு நம்பர் எல்லாம் அதோடு போய்ச் சேரும். இவர் அப்படிச் செய்யமாட்டார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, விஷயத்தை ஒரு புது வெள்ளைத்தாளில் தன் கையால் திருப்பி எழுதுவார். வார்த்தைகளை மாற்றுவார். 'என் சமையல்கட்டு ஜன்னலுக்கு எதிரே' என்று யாராவது எழுதியிருந்தால், அதை எடுத்துவிட்டு 'மெயின் ரோட்டில் போகிறவர்களுக்கு' என்று போடுவார். புகார் கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பேரை எழுதுவார். அதிகாரி தானாகவே கவனித்து எடுத்துக்கொண்ட புகார் என்று சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, ஆனால் யாருக்கு இந்த வம்பு? ஒரிஜினலை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார். சாவி வேண்டும் என்றால் அவர் திரும்பி நின்று சட்டையைத் தூக்குவார், நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

எழுத்து வேறு நடுங்கி நடுங்கித்தான் வரும். கோழிக்கிறுக்கல். பேனாவைப் பிடித்தாலே யாரோ இதைப் படித்துக் கோபப்படப் போகிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு வந்துவிடும். அந்தக் கிறுக்கலை டைப் அடிப்பதற்குள் என் உயிர் போகும்.

"எதுக்கு சார் இந்த ரெட்டை வேலை? ஏற்கெனவே பயந்து சாவுறீங்க. எல்லார் பகையையும் நீங்களே தலையில வாங்கி வெச்சிக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் பேரு எப்டியும் அதுல இருக்கப் போவுது அக்கா. விசாரிக்கிறவன் நான்தானே? இன்னொரு பேரு எதுக்கு சும்மா?" என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். "பயந்துக்கினே படுக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு அது வாணாம்."

எனக்கு அது நாடகமாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எரிச்சல்தான் வந்தது.

ஒரு மாம்பழ சீசன். சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் எடுக்கிற ஃபேக்டரிகள் நிறைய. ஜூன் மாதம் வந்தால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும், ரோடே பழ வாசனை அடிக்கும். கூழ் எடுத்த பிறகு மிஞ்சுகிற தோலும் கொட்டையும் எங்கேயாவது போக வேண்டுமே? ஒரு ஃபேக்டரி அதை ஒரு கிராமத்துக் குட்டையில் கொட்டிக்கொண்டிருந்தது. கங்காதர நெல்லூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள். அந்த ஊரிலிருந்து ஒரு பெண் திங்கட்கிழமை அர்ஜியோடு வந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். விரல் நுனியெல்லாம் மாங்காய்ப்பால் பட்டு வெந்து கறுத்திருந்தது. அதே ஃபேக்டரியில் சீசனுக்குப் பழம் சீவுகிறவள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. கழிவு ஊறின தண்ணீர் கிணற்றில் இறங்கி, அதில் குளிக்கிற மகளுக்கு உடம்பெல்லாம் புண். மகளிர் குழுவில் எழுதப் பழகிய கையால் அவளே தெலுங்கில் எழுதியிருந்தாள். எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடந்தன.

"என் பேரு யாருக்கும் தெரியாது இல்ல மேடம்? தெரிஞ்சா வேலையும் பூடும், ஊர்லயும் இருக்க விடமாட்டாங்க. நானும் பொண்ணும்தான் தனியா கீறோம்" என்றாள்.

"தெரியாதும்மா, நீ போ" என்று சீல் குத்தி வாங்கிப் போட்டேன்.

அன்று அவர் ஜுரத்தில் லீவு. சாயங்காலம் மேலதிகாரிகளின் வீடியோ மீட்டிங் இருக்கிறது, பெண்டிங் ஒன்றுகூட இருக்கக்கூடாது, எல்லா நோட்டீஸும் இன்றே போக வேண்டும் என்று ஹெட் கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஐந்து மணி பஸ். ஃபாரத்தில் என்ன இருக்கிறதோ அதைச் செய்தேன். அர்ஜியை ஸ்கேன் செய்து, நோட்டீஸோடு இணைத்து, ஃபேக்டரி ஈமெயிலுக்கு அனுப்பினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. அவர் எப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியும். திருப்பி எழுத அரை மணி நேரம் ஆகும், பஸ் போய்விடும் என்றும் தெரியும். பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். அனுப்பிய லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இந்த அர்ஜி எங்க அக்கா?"

"அதுவா, நோட்டீஸோட போயிடுச்சு சார்."

"எது போயிடுச்சு?"

"அர்ஜிதான். அட்டாச் பண்ணிட்டேன்."

அவர் கத்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் ரத்தமே இல்லாமல் என்னைப் பார்த்துவிட்டு, "வா" என்று சொல்லி மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் அவள் வெந்த விரல்களும் நான் சொன்ன "நீ போ"வும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

ஜீப்பில் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பத்து நாளுக்கு முன்புதான் மொட்டை போட்டிருந்தார். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "வேண்டிக்கிறதுக்கு முடிகூட இல்ல அக்கா" என்றார். அழுகிற குரல். டிரைவர்கூடச் சிரிக்கவில்லை.

அவள் வீட்டு முன்னால் இரண்டு பைக் நின்றிருந்தன. ஊரில் ஒரு ஆள் வெளியே இல்லை. அடுத்த வீட்டுக் கதவு நாங்கள் பார்க்கும்போதே சாத்திக்கொண்டது. குட்டையின் நாற்றம் ஜீப்புக்குள் வந்து அடித்தது, ஈக்கள் கூடவே வந்தன. அவள் துவைகல் பக்கத்தில் சோப்பு நுரைக் கையோடு நின்றிருந்தாள். மகள் கதவிடுக்கில். இரண்டு ஆட்களில் ஒருவன் சீவுகிற ஷெட்டின் மேஸ்திரி, அவளுக்குத் தினமும் வேலை பிரித்துக் கொடுப்பவன். போனில் என்னுடைய ஸ்கேனைத் திறந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். "ஏமம்மா, இது உன் பேர்தானே? வாயைத் திறந்து சொல்லு" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தான். மற்றவன் மகள் நின்ற கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்குத்தான் நான் பயந்தேன்.

"நீ எறங்காத அக்கா" என்றார் அவர். டிரைவரிடம், "வண்டியத் திருப்பி நிறுத்து" என்றார். கதவைத் திறக்க அவருக்கு இரண்டு தடவை கை வழுக்கியது. ஜீப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார், பிறகு நடந்தார்.

"அந்தம்மாவை விடுங்க. அது நான் எழுதினது" என்றார் தெலுங்கில்.

மேஸ்திரி திரும்பினான். "நீங்க யாரு?"

பதவியைச் சொன்னார். "உங்க ஃபேக்டரி மேல கேஸ் போட எனக்கு ஒரு புகார் வேணும். யாரும் கொடுக்கல. ஓட்டர் லிஸ்டைப் பார்த்து இந்தம்மா பேரைப் போட்டு நானே எழுதிட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் இருந்தவன் முதல் முறையாகப் பேசினான். "இதை எழுதிக் குடுப்பியா சார்?"

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும் என்றால் அவருக்குத் தெரியாதா? அரசாங்க அதிகாரி பொய் அர்ஜி தயாரித்தேன் என்று கையெழுத்துப் போடுவது. நான் இறங்க வேண்டும், இறங்கி, நான்தான் அனுப்பினேன், இவர் சொல்வது பொய் என்று கத்த வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அப்படிக் கத்தினால் அர்ஜி யாருடையது என்று தெரிந்துவிடும். அப்படி ஒரு நியாயம் எனக்கு வசதியாகக் கிடைத்தது. நான் இறங்கவில்லை.

அவர் துவைகல் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்துத் தெலுங்கில் எழுதினார். கை எப்போதும் போல நடுங்கியது, அன்று இன்னும் அதிகமாக. மேஸ்திரி அந்தத் தாளையும் போனில் இருந்த அர்ஜியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே மாதிரி கோணல், ஒரே மாதிரி இடறல். எழுதப் பழகாத கையும் பயந்த கையும் அவ்வளவு ஒற்றுமையாக இருக்கும் என்று யார் நினைத்தது?

"இதே கைதான்" என்றான். பிறகு சிரித்தான். "உன் வேலை போச்சு சார்."

பைக்குகள் போனதும் அவர் வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தார். அந்தப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "எதுக்கு சார் இப்டி செஞ்ச? உனுக்கும் புள்ள குட்டி இருக்கும் இல்ல?" என்று அழுதாள்.

"நீ எழுதல. யாரு வந்து கேட்டாலும் நீ எழுதல. சொல்லு."

"நான் எழுதல."

"இன்னொரு வாட்டி சொல்லு."

மூன்று தடவை சொல்ல வைத்தார். விசாரிக்கப் போன இடத்தில் அவர் வாங்கிக் குடித்த தண்ணீர் அந்த ஒரு செம்புதான்.

அவரை சஸ்பெண்ட் செய்து, இரண்டு மாதம் கழித்துத் திருப்பதியில் மேல் ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அவர் எழுதிக் கொடுத்த தாளை ஃபேக்டரி புகாராக அனுப்பியிருந்தது. அதிகாரி பொய் அர்ஜி எழுதித் தொந்தரவு செய்கிறார் என்று. என்னையும் கூப்பிட்டார்கள், அன்று அர்ஜிகளை வாங்கி சீல் போட்டவள் நான்தானே? போன அன்று அவரைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தலையில் முடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. அப்படி நான் பார்த்ததே இல்லை, வேறு ஆள் மாதிரி இருந்தார். உதடு மட்டும் அன்று ஜீப்பில் பார்த்த மாதிரியே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். அவருக்கே சந்தேகம் இருந்தது. "பயப்படாம சொல்லுங்கம்மா. இந்த அர்ஜியை உங்ககிட்ட யாரு கொண்டுவந்து குடுத்தா? யாராவது பொம்பளை வந்தாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். இவர் வேலை பிழைத்துவிடும். அவள் பேர் மறுபடி மேஸ்திரியின் போனுக்குப் போகும். கூடவே, அர்ஜியை அனுப்பியது யார் என்ற கேள்வியும் வரும், என் காண்ட்ராக்ட் போகும். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"யாரும் வரல சார். அவர் டிரேயில இருந்துச்சு. அவர் கையெழுத்துதான்" என்றேன்.

யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னேன்? அவளையா, என்னையா? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவளை என்று முழு வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

வெளியே வந்ததும் அவர் பெருமூச்சு விட்டார். அவரோடு வேலை செய்த ஆறு வருஷத்தில் அந்த முகத்தில் பயம் இல்லாமல் நான் பார்த்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். "நேரா மலைக்குப் போறேன் அக்கா. வேண்டுதல் இருக்குது, முடி குடுக்கணும்" என்றார்.

"எல்லாம் போனப்புறம் இன்னா வேண்டுதல்?" என்று அழுதேன்.

"நீ நெசத்தச் சொல்லிடக்கூடாதுன்னு வேண்டிக்கினேன். ரொம்ப பயந்துட்டேன் அக்கா, எங்க சொல்லிடுவியோன்னு."

மலையடிவாரத்து அலிபிரி போகிற பஸ்ஸில் கூட்டத்தோடு ஏறிக்கொண்டார். வேலையை விட்டு எடுத்த ஆர்டர் பிறகு வந்தது, நான்தான் அதைப் பதிவு செய்தேன். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. திருப்பதிக்குப் போனால் மொட்டைத் தலைகளையெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். நம்பர் மாற்றிவிட்டார். எங்கேயோ முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்.

பொய் அர்ஜி என்பதால் அந்தக் கேஸை மூடிவிட்டார்கள். குட்டை அப்படியே இருக்கிறது. இந்த சீசனில் போன திங்கட்கிழமை அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றாள். பிறகு மகளின் முதுகைப் போனில் காட்டினாள். "அந்த சார் இல்லன்னு தெரியும். ஆனா இன்னா பண்றது மேடம், வேற எங்க போறது?" என்று ஒரு தாளை நீட்டினாள். அவளே எழுதியது. அடியில் பேர்.

அவர் இடத்துக்கு வந்திருப்பவர் ஃபாரம் சொல்வதைச் செய்கிற ஆள். நேற்று எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் தாளை என் பர்ஸுக்குள் வைத்தேன், இந்த ஆபீஸில் எனக்குப் பூட்டு எதுவும் கிடையாது. புது வெள்ளைத்தாளில் நாற்றத்தையும் ஈயையும் கிணற்றையும் வேறு வார்த்தைகளில், மெயின் ரோட்டில் போகிறவள் பார்த்த மாதிரி எழுதினேன். புகார் கொடுத்தவர் பெயர் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். புத்தூரில் என் வீட்டு வாசலில் இரண்டு பைக் நிற்பது தெரிந்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பெருமாளே, பத்திரமாக வைத்திரு, மூன்று கத்திரி முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பெண்கள் மொட்டைக்குப் பதிலாகக் கொடுப்பது அது. இத்தனை வருஷத்தில் நான் வேண்டிக்கொண்ட முதல் முடி.

பிறகு என் பேரை எழுதினேன், வீட்டு நம்பரோடு. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.